பாஸ் போட்டுக்கு ஜாக் பிளேட்: எத்தனை இன்ச் செட்பேக், எவ்ளோ உயரம்?

ப்ரோ, உங்க கேள்விய ஒருதடவை திருப்பி சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு நீங்களும் பாத்துக்கலாம். ஹூஸ்டன்ல இருக்கீங்க, செகண்ட் ஹேண்ட்ல 20 அடி ஃபைபர்கிளாஸ் பாஸ் போட் (பாஸ் மீன் பிடிக்கற வேகமான படகு) வாங்கியிருக்கீங்க, பின்னாடி மெர்க்குரி 250 ப்ரோ எக்ஸ்எஸ் வி8 இன்ஜின், ஏற்கனவே 6 இன்ச் மேனுவல் ஜாக் பிளேட் (போட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல மாட்டற, கையால உயரம் மாத்தற பிளேட்) இருக்கு. லேக் கான்ரோல ஃபுல் த்ராட்டில் அடிச்சா 5600 ஆர்பிஎம், ஜி.பி.எஸ்.ல மணிக்கு 66 மைல். ப்ராப் (ப்ரொப்பெல்லர்) 25 பிட்ச், அதாவது வழுக்காம ஒரு சுத்து சுத்தினா 25 இன்ச் முன்னேறும்; கியர் ரேஷியோ 1.75, அதாவது இன்ஜின் 1.75 சுத்து சுத்தினா ப்ராப் ஒரு சுத்து. மெரினாவுல ஒருத்தர் "12 இன்ச் ஹைட்ராலிக் போடு, 5 மைல் கூடும்"னு சொல்லிட்டாரு, இப்ப வாங்கலாமா வேணாமா, வாங்கினா எத்தனை இன்ச், எங்க செட் பண்றது.

நேரா சொல்லிடறேன்: இப்ப எதையும் வாங்காதீங்க. அந்த 5 மைல் உங்ககிட்ட இருக்கற 6 இன்ச் பிளேட்லயே ஒளிஞ்சிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஏன்னு கணக்கோட சொல்றேன்.

ப்ராப் ஸ்லிப்னு ஒண்ணு இருக்கு. ஆர்பிஎம்ம கியர் ரேஷியோவால வகுத்து, பிட்ச்சால பெருக்கி, 1056-ஆல வகுத்தா, ப்ராப் கொஞ்சங்கூட வழுக்காம போனா போட் எவ்ளோ மைல் போகணும்னு வரும். உங்களுக்கு 5600 வகுத்தல் 1.75 = 3200, அத 25-ஆல பெருக்கினா 80000, 1056-ஆல வகுத்தா 75.8 மைல். நீங்க போறது 66. அப்ப ஸ்லிப் 13 சதவீதம் கிட்ட. அடில பேட்னு ஒரு தட்டைப் பகுதி (கீழ விளக்கறேன்) இருக்கற 20 அடி பாஸ் போட் ஒழுங்கா செட் ஆயிருந்தா 7-ல இருந்து 10 சதவீதத்துக்குள்ள வரும். அதாவது உங்க போட்ல எதுவோ இழுத்துப் பிடிச்சிருக்கு. இன்ஜின் ரொம்ப ஆழமா தொங்குதா, ப்ராப் தேஞ்சு கப் (இலை ஓரத்துல இருக்கற சின்ன வளைவு) போயிடுச்சா, வெயிட் அதிகமா, இதுல ஏதோ ஒண்ணு. அதே ப்ராப்ல 5800 ஆர்பிஎம், ஸ்லிப் 9.5 சதவீதம்னு வந்துட்டா என்ன ஆகும்னு போட்டுப் பாருங்க, 71 மைல் வரும். அதே 5 மைல்தான். அதுக்கு ஒரு ரெஞ்ச்சும் ஒரு சனிக்கிழமையும் போதும், ஆயிரக்கணக்குல டாலர் தேவையில்ல. வரும்னு சத்தியம் பண்ணல, ஆனா முதல்ல தேட வேண்டிய எடம் அதுதான்.

ஜாக் பிளேட் செய்யறது ரெண்டே வேலை. ஒண்ணு, இன்ஜின ட்ரான்சம்ல (போட்டோட பின்சுவர்) இருந்து பின்னாடி தள்ளுது, அதுக்குப் பேரு செட்பேக். ரெண்டாவது, மேல கீழ ஏத்தி இறக்க வழி பண்ணுது. பின்னாடி தள்ளறதால என்ன லாபம்னா, போட் ஓடும்போது அடிப்பாகத்த விட்டு வெளிய வர்ற தண்ணி ட்ரான்சம் தாண்டினதும் மெல்ல மேல ஏறும், சுமாரா 8-10 இன்ச் பின்னாடி போனா ஒரு இன்ச் ஏறும்னு ஒரு பழைய கைக்கணக்கு வச்சிருக்காங்க. அப்ப பின்னாடி இருக்கற ப்ராப்புக்கு கலங்காத நல்ல தண்ணி கிடைக்குது, இன்ஜின அந்த அளவுக்கு மேல தூக்கலாம், தூக்கினா கியர்கேஸ் (ப்ராப் மாட்டியிருக்கற, இன்ஜினோட அடிப்பகுதி) தண்ணிய கிழிச்சுட்டு போற இழுவை குறையும், வேகம் அங்கதான் வருது. இன்னொண்ணு, இன்ஜின் தள்ளி இருந்தா நெம்புகோல் நீளமாகுது, ட்ரிம் கொடுத்தா (இன்ஜின வெளிப்பக்கமா சாய்ச்சா) போட்டோட மூக்கு லேசா எழும்பும், போட் பேட் மேல ஏறி உக்காரும். பேட்னா அந்த வி ஷேப் அடிப்பாகத்துல பின்பக்கம் கடைசில ஒரு ஜாண், ஒன்றரை ஜாண் அகலத்துக்கு தட்டையா இருக்குமே, அது. அறுபது மைலுக்கு மேல போகும்போது போட்டோட பெரும்பகுதி காத்துல, அந்த தட்டை மட்டும்தான் தண்ணில.

இப்ப அந்த 12 இன்ச் ஆலோசனைக்கு வருவோம். செட்பேக் கூடக் கூட நல்லதுன்னு ஒரு நினைப்பு பரவலா இருக்கு, அது பாதிதான் சரி. உங்க வி8 250 ப்ரோ எக்ஸ்எஸ் 505 பவுண்ட். 6 இன்ச்ல இருந்து 12-க்கு போனா அந்த 505 பவுண்ட அரை அடி பின்னாடி நகத்தறீங்க, பிளேட்டோட சொந்த வெயிட் வேற. போட் நிக்கும்போது பின்பக்கம் இன்னும் இறங்கும். லைவ்வெல்ல (பிடிச்ச மீன உயிரோட வைக்கற தொட்டி) தண்ணி, டேங்க் ஃபுல், பின்னாடி நாலு லெட் ஆசிட் பேட்டரின்னு இருந்தா கிளம்பறப்ப மூக்கு வானத்த பாக்கும், முன்னாடி ஒண்ணுமே தெரியாது, ப்ளேன் ஆகறதுக்கு (போட் எழும்பி தண்ணி மேல சறுக்கி ஓடறதுக்கு) நேரம் எடுக்கும். ஓட ஆரம்பிச்சதும் நடுத்தர வேகத்துல மூக்கு ஏறி ஏறி விழும், போர்ப்பாய்சிங்னு சொல்வாங்க, முதுகு பேந்துடும். இதுக்கெல்லாம் ஈடா கிடைக்கிற வேகம் லேசான ஹல்லா (போட்டோட உடம்பு) இருந்தாதான் தெரியும்.

அதனால நான் இப்படித்தான் பாப்பேன். டென்னசில கட்டற ஆலிசன், புல்லட் மாதிரி எடை கம்மியான, பேட்ட நம்பியே டிசைன் பண்ணின போட்டுன்னா 10, 12 இன்ச் கேக்காமயே போடலாம், அந்த ஹல்லுக்கு அது பிடிக்கும். ஸ்கீட்டர், ரேஞ்சர், ட்ரைட்டன், பாஸ் கேட் மாதிரி 20, 21 அடி மீன்பிடி போட்டுக்கு பெரும்பாலும் 8-ல இருந்து 10 நல்ல நடு எடம், சில மாடல் ஃபேக்டரிலயே 10, 12ன்னு வரும், அப்படி வந்தா அத மாத்தாதீங்க, டிசைன் பண்ணினவன் அந்த வெயிட் பேலன்ஸ்ல யோசிச்சுதான் வச்சிருப்பான். பேட் இல்லாத டீப் வி (ஆழமான வி ஷேப் அடிப்பாகம்), பே போட் (கடலோர விரிகுடால ஓட்டறது)னா 4-6 இன்ச் போதும், அங்க பிளேட் வாங்கறதே ஆழம் கம்மியான எடத்துல ஓடறதுக்குத்தான். உங்க போட்டோட ட்ரான்சம் ஏற்கனவே உள்பக்கமா வெட்டி வாங்கியிருக்கான்னும் பாருங்க, சில ஹல்ல பேட் முன்னாடியே முடிஞ்சிடும், அதுவும் செட்பேக்தான், கணக்குல சேத்துக்கணும். ரெண்டு இன்ஜின் கேட்டமரான் கதை முழுக்க வேற, அத இங்க இழுக்கல.

ஒரு விஷயம் இடைல. பழைய லெட் ஆசிட் பேட்டரிய எடுத்துட்டு லித்தியம் போட்டா பின்பக்கம் நூறு பவுண்டுக்கு கிட்ட குறைக்கலாம். பல போட்ல "பிளேட் மாத்தினேன், ஆளே மாறிடுச்சு"ன்னு சொல்றவங்க அதே மாசம் பேட்டரியும் மாத்தியிருப்பாங்க, எது வேலை செஞ்சதுன்னு அவங்களுக்கே தெரியாது.

மேனுவலா ஹைட்ராலிக்கான்னா, உங்க உபயோகத்த பொறுத்தது. மேனுவல்ல பக்கவாட்டு போல்ட்ட லேசா தளத்தி, நடுவுல இருக்கற ஜாக் போல்ட்ட திருப்பி ஏத்தணும், மறுபடி டைட் பண்ணணும். ட்ரெய்லர் மேல பத்து நிமிஷ வேலை. எடை கம்மி, கெட்டுப் போறதுக்கு ஒண்ணுமே இல்ல, விலையும் பாதிக்கு கீழ. ஒரே லேக், ஒரே லோட், ஒரே ப்ராப்னு ஓட்டற ஆளுக்கு ஒருதடவை சரியான உயரம் கண்டுபிடிச்சிட்டா அதுக்கப்புறம் தொடவே வேண்டியதில்ல. ஹைட்ராலிக்கோட உண்மையான சுகம் என்னன்னா, கிளம்பும்போது கீழ இறக்கி ப்ராப்புக்கு நல்ல பிடி கொடுக்கலாம், ப்ளேன் ஆனதும் ஏத்தலாம், அலை அடிச்சா இறக்கலாம், திருப்பத்துல இறக்கலாம், மரக்கட்டை நிக்கற எடத்துல மெதுவா போகும்போது முழுசா தூக்கிக்கலாம். மரக்கட்டை நிறைஞ்ச லேக் ஃபோர்க், சாம் ரேபர்ன் ஏரிங்க பக்கம் போறவங்களுக்கு அந்த கடைசி விஷயமே காசுக்கு மதிப்பு. அதிகபட்ச வேகத்துல மட்டும் பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல, சொல்லப்போனா மேனுவல் எடை கம்மிங்கறதால ஒரு நூல் முன்னாடி.

ஹைட்ராலிக் எடுத்தா ரெண்டு கேள்வி கேளுங்க. பம்ப் பிளேட்டுக்குள்ளயே இருக்கா, இல்ல தனியா பில்ஜ்ல (போட்டுக்குள்ள அடிப்பகுதி) வைக்கணுமா. உள்ள இருந்தா வயரிங் சுலபம், ஹோஸ் ஓட்ட வேண்டியதில்ல, ஆனா எப்பவும் தண்ணி தெறிக்கற எடத்துல மோட்டார் உக்காந்திருக்கும். தனியா இருந்தா காஞ்ச எடத்துல ரொம்ப நாள் உழைக்கும், போடறது கொஞ்சம் தலைவலி. அடுத்தது, நகர்ற பாகம் எது மேல வழுக்குது, ஆட்டம் வந்தா டைட் பண்ண வழி இருக்கா. பிளேட்ல ஆட்டம் வந்தா அது வேகத்துல ஸ்டியரிங்ல தெரியும், அதுதான் பயம். பாப்ஸ் மெஷின் ஷாப், டி.எச். மரீனோட அட்லஸ், சி.எம்.சி., ஸ்லைட்மாஸ்டர், வான்ஸ் இதெல்லாம் அமெரிக்கால நிறைய பேர் போடற பிராண்டுங்க, எல்லாத்துக்கும் பார்ட்ஸ் கிடைக்கும். உங்க எச்பிக்கும் இன்ஜின் வெயிட்டுக்கும் ரேட்டிங் இருக்கான்னு மட்டும் எழுத்துல பாத்துக்கோங்க, பழைய டூ ஸ்ட்ரோக் காலத்து பிளேட் சிலது இன்னிக்கு இருக்கற ஃபோர் ஸ்ட்ரோக் வெயிட்டுக்காக பண்ணினது இல்ல. ஸ்விட்ச்ச ஸ்டியரிங் தண்டுல, காரோட இண்டிகேட்டர் இருக்கற எடத்துல வைங்க, இல்ல காலுக்கு கீழ பெடல் மாதிரி வைங்க. கன்சோல்ல வச்சீங்கன்னா எழுபது மைல்ல ஒரு கைய வீல்ல இருந்து எடுக்கணும், அது வேணவே வேணாம்.

சரி, இப்ப வேலைக்கு வருவோம். முதல்ல ட்ரான்சம். செகண்ட் ஹேண்ட் போட், அதனால சொல்றேன். இன்ஜின பாதி ட்ரிம் பண்ணிட்டு லோயர் யூனிட்ட (கியர்கேஸ் இருக்கற அடிப்பகுதி) பிடிச்சு மேல கீழ நல்லா அழுத்தி ஆட்டுங்க, வேற ஒருத்தர் ட்ரான்சத்தையும் ஸ்பிளாஷ்வெல் (இன்ஜினுக்கு முன்னாடி இருக்கற பள்ளம்) மூலையவும் பாக்கட்டும். ட்ரான்சம் வளைஞ்சாலோ, மூலைல முடி மாதிரி கீறல் திறந்து மூடினாலோ, போல்ட் ஓட்டைல இருந்து பழுப்பா தண்ணி கசிஞ்ச தடம் இருந்தாலோ, பிளேட் பத்தின பேச்ச அங்கயே நிறுத்திட்டு ஃபைபர் ரிப்பேர் ஆள கூப்பிடுங்க. செட்பேக் கூடினா ட்ரான்சம் மேல வர்ற முறுக்கும் கூடும், ஊறிப்போன மரத்துல அத மாட்டறது விளையாட்டு இல்ல.

புதுசா போடறதா இருந்தா போல்ட் ஓட்டை ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே அளவுதான், மேல் ரெண்டு ஓட்டைக்கு நடுவுல 12 7/8 இன்ச், கீழ் ரெண்டுக்கு நடுவுல 9 7/8, மேலுக்கும் கீழுக்கும் 8 இன்ச். அரை இன்ச் ஸ்டெயின்லெஸ் போல்ட், உள்பக்கம் பெரிய வாஷரோ பேக்கிங் பிளேட்டோ கண்டிப்பா வேணும். சீலண்ட் 3எம் 4200 போடுங்க, 5200 போட்டா அது பசை இல்ல, கல்யாணம், நாளைக்கு பிளேட்ட கழட்டணும்னா ட்ரான்சம் ஜெல்கோட்டும் (ஃபைபரோட மேல்பூச்சு) சேந்து வரும். இன்ஜின தூக்க ஹாய்ஸ்ட் வேணும், 505 பவுண்ட நாலு நண்பர்கள வச்சு தூக்கலாம்னு யாராவது சொன்னா பீர் குடிக்க மட்டும் அவங்கள கூப்பிடுங்க. ரொம்ப பேர் மறக்கறது ஹோஸும் கேபிளும்தான். ஸ்டியரிங் ஹைட்ராலிக் ஹோஸ், ஃபியூல் லைன், பேட்டரி கேபிள், கண்ட்ரோல் கேபிள் எல்லாம் பிளேட் முழுசா மேல, முழுசா கீழ, இன்ஜின் முழு டில்ட், வீல் இந்தப் பக்கம் கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் கடைசி வரைக்கும்னு எல்லா நிலைலயும் இழுபடாம இருக்கணும். இத ட்ரெய்லர்லயே செஞ்சு பாத்துட்டுதான் தண்ணில இறக்கணும்.

உயரத்த அளக்கறதுதான் பாதி பேர் சொதப்பற எடம், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. நமக்கு வேண்டிய நம்பர், ப்ராப் ஷாஃப்ட்டோட நடு மையம் பேடோட அடிமட்டத்துக்கு எத்தனை இன்ச் கீழ இருக்குங்கறது. சமதளமான கான்கிரீட் தரைல ட்ரெய்லர நிறுத்துங்க. பேடுக்கு அடில லெவல் வச்சு, ட்ரெய்லர் நாக்க ஏத்தி இறக்கி பேட முன்னபின்ன லெவலுக்கு கொண்டு வாங்க. இன்ஜின ட்ரிம் பண்ணி ப்ராப் ஷாஃப்ட்டும் பேடுக்கு இணையா, லெவலா இருக்கட்டும். இப்ப தரைல இருந்து பேட் வரைக்கும் ஒரு அளவு, தரைல இருந்து ஷாஃப்ட் மையம் வரைக்கும் ஒரு அளவு, கழிச்சா முடிஞ்சுது. லெவல் பண்ணாம அளந்தா என்ன ஆகும்? பேட் 2 டிகிரி சாஞ்சிருந்தாலே ட்ரான்சம்ல இருந்து 30 இன்ச் பின்னாடி இருக்கற ஷாஃப்ட்டுக்கு ஒரு இன்ச் தப்பு வந்துடும். நாம கால் இன்ச்சுக்கு சண்டை போட்டுட்டு இருக்கோம், ஒரு இன்ச் தப்புன்னா அந்த நம்பர தூக்கி குப்பைல போட வேண்டியதுதான். கண்ணால கேவிடேஷன் பிளேட்டையும் (ப்ராப்புக்கு மேல இருக்கற தட்டைத் தகடு) ஹல்லையும் பாத்து "ரெண்டு விரக்கடை மேல இருக்கு"ன்னு சொல்ற முறைய பெர்ஃபார்மன்ஸ் போட்டுக்கு மறந்துடுங்க.

சாதாரண கியர்கேஸ், 20 அடி பாஸ் போட்டுன்னா பேடுக்கு மூன்றரை இன்ச் கீழ ஆரம்பிங்க. அங்க இருந்து கால் இன்ச், கால் இன்ச்சா ஏத்திட்டு வாங்க. நிறைய போட் மூணுக்கும் இரண்டரைக்கும் நடுவுல எங்கயோ சந்தோஷமா உக்காரும். உங்களது எவ்ளோ கீழ இருக்குன்னு நீங்க எழுதல, அந்த ஸ்லிப் நம்பர பாத்தா நாலு இன்ச்சோ அதுக்கும் ஆழமாவோ இருக்கும்னுதான் என் சந்தேகம், டீலர்கள் பயந்து கீழ வச்சு கொடுக்கறது வழக்கம், வாரண்டி தலைவலி அவங்களுக்கு வேணாம்ல.

ஒவ்வொரு கால் இன்ச்சுக்கும் ஒரு நோட்டுல எழுதுங்க: உயரம், ஆர்பிஎம், ஜி.பி.எஸ். வேகம், தண்ணி பிரஷர், ஸ்லிப். போட்டோட டயல் ஸ்பீடோமீட்டர நம்பாதீங்க, அது ஆசையா பேசும். போற தடம் ஒண்ணு, திரும்பி வர்ற தடம் ஒண்ணு, சராசரி எடுங்க, காத்து ஒரு பக்கம் உதவும். பெட்ரோல் அளவு, ஆள் எண்ணிக்கை, லைவ்வெல் எல்லாம் ஒரே மாதிரி. காலைல ஒரு உயரம், மத்தியானம் டெக்சஸ் வெயில்ல இன்னொரு உயரம்னு டெஸ்ட் பண்ணினா சூட்டுல இன்ஜின் பவர் குறையறத உயரத்தோட தப்புன்னு நினைச்சுக்குவீங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்த மாத்துங்க, உயரம் மாத்தற அன்னிக்கு ப்ராப் மாத்தாதீங்க.

ஏத்த ஏத்த முதல்ல என்ன நடக்கும்னா ஆர்பிஎம் கூடும், வேகமும் கூடும், ஸ்லிப் குறையும். அப்புறம் ஒரு கட்டத்துல ஆர்பிஎம் ஏறும் ஆனா வேகம் ஏறாது, ஸ்லிப் திரும்ப மேல வரும், மூக்கு எழும்பாம தொங்கற மாதிரி இருக்கும், திருப்பத்துல ப்ராப் காத்த இழுத்து இன்ஜின் கத்தும். அதான் எல்லை, தாண்டியாச்சு. கால் இன்ச் கீழ வாங்க, அதுதான் உங்க உயரம்.

ஆனா இந்த எல்லைக்கு முன்னாடியே தண்ணி பிரஷர் உங்கள நிறுத்தலாம், நிறுத்தினா நின்னுடணும், அதுல பேச்சுவார்த்தையே கிடையாது. சாதாரண கியர்கேஸ்ல தண்ணி உறிஞ்சற ஓட்டை பக்கவாட்டுல கொஞ்சம் மேலதான் இருக்கு. இன்ஜின தூக்கினா அது காத்தோட கலந்த நுரைய குடிக்க ஆரம்பிக்கும். டெஸ்ட்டுக்கு முன்னாடி, இன்ஜின் கீழ இருக்கும்போது ஃபுல் த்ராட்டில்ல உங்க பிரஷர் என்ன காட்டுதுன்னு எழுதி வைங்க, இன்ஜினுக்கு இன்ஜின் அது மாறும். அப்புறம் ஏத்தும்போது மெதுவா ஒண்ணு ரெண்டு பி.எஸ்.ஐ. குறையறது சகஜம். திடீர்னு விழுந்தாலோ, முள்ளு துடிச்சாலோ, 10 பி.எஸ்.ஐ.க்கு கீழ போனாலோ த்ராட்டில எடுங்க, கீழ இறக்குங்க. ட்ரிம் மேல தூக்கி வச்சு நேரா ஓடும்போதும் பாருங்க, திருப்பத்துலயும் பாருங்க. உங்களுது மெர்க்குரி, ஸ்மார்ட்கிராஃப்ட் டிஸ்ப்ளேல பிரஷர் தெரியும். இது தெரியாத பழைய இன்ஜின்னா முதல்ல பிரஷர் கேஜ் வாங்கி மாட்டணும், ஜாக் பிளேட்டுக்கு முன்னாடி அது. அலாரம் அடிச்சதும் கம்ப்யூட்டர் பவர குறைச்சு இன்ஜின காப்பாத்தும்ங்கறது உண்மைதான், ஆனா அத நம்பி டெஸ்ட் பண்றது புத்திசாலித்தனம் இல்ல.

இதுக்கும் மேல போகணும்னா, அதாவது பேடுக்கு ரெண்டு இன்ச்சுக்கு உள்ள, லோ வாட்டர் பிக்கப் வேணும், மூக்குலயே தண்ணி உறிஞ்சற ஓட்டை இருக்கற கியர்கேஸ். மெர்க்குரில டார்க் மாஸ்டர், ஸ்போர்ட் மாஸ்டர்னு வரும், உங்க ப்ரோ எக்ஸ்எஸ்ல டார்க் மாஸ்டரா இருக்க வாய்ப்பு உண்டு, கியர்கேஸ் மூக்கு நுனில ஓட்டை இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. இருந்தா தண்ணி பிரஷர் பயம் நிறைய குறையும், ப்ராப்தான் எல்லைய சொல்லும். சாதாரண கேஸுக்கு மூக்கு கூம்பு வெல்டு பண்ணி ஓட்டை போடற வேலையும் உண்டு, எண்பது மைல தாண்டி கியர்கேஸ் பக்கத்துல தண்ணி பிரிஞ்சு போட் திடீர்னு பிடி விடற பிரச்சனைக்கு அதுதான் மருந்து. எழுபதுல ஓடற உங்களுக்கு அது வேணாம்.

ப்ராப் பத்தி. இன்ஜின் மேல ஏறினா ப்ராப்போட மேல் இலை தண்ணி மேற்பரப்புக்கு கிட்ட வரும், அங்க பிடிச்சு நிக்கறதுக்கு இலையோட ஓரத்துல நல்ல கப் இருக்கணும். அலுமினிய ப்ராப் போட்டுட்டு ஜாக் பிளேட்ட ஏத்தறதுல அர்த்தமே இல்ல, ஸ்டெயின்லெஸ்தான். டெம்பஸ்ட் பிளஸ், ஃபியூரி, ப்ராவோ 1 இதெல்லாம்தான் பாஸ் போட் ஆளுங்க கைல அதிகமா பாக்கலாம். பொதுவா மூணு இலை உச்ச வேகத்துல ஒரு மைல் ரெண்டு மைல் கூட கொடுக்கும், நாலு இலை மேல தூக்கி வச்சாலும் பிடிய விடாது, பின்பக்கத்தையும் தாங்கும், அலைல, திருப்பத்துல நிம்மதி. உங்க ப்ராப் இலை ஓரத்த விரலால தடவிப் பாருங்க, மொழுமொழுன்னு உருண்டிருந்தா, இல்ல எங்கயாவது கட்டைல அடிச்ச வளைவு இருந்தா, அந்த 13 சதவீதத்துல பாதிக்கு அதுவே பதில். ப்ராப் ஷாப்ல கொடுத்து சரி பண்றது புது பிளேட் விலைய விட ரொம்ப கம்மி. கடைசில எந்த உயரத்துல நின்னாலும், வழக்கமான லோட்ல ஃபுல் த்ராட்டில் ஆர்பிஎம், இன்ஜினோட கையேட்டுல போட்டிருக்கற ரேஞ்சோட மேல் பாதில வரணும், அதுக்கு பிட்ச்ச மாத்துங்க. ஏத்தினதால ஆர்பிஎம் மேல் வரம்ப தாண்டினா பிட்ச்ச கூட்டணும்.

ஓட்டறது பத்தி சொல்லாம விட்டா தப்பாயிடும். வேகம் கூடும்போது போட் பேட் மேல நின்னுட்டு இடது வலதுன்னு ஆட ஆரம்பிக்கும், சைன் வாக். பயந்து த்ராட்டில டக்குன்னு மூடினா மூக்கு விழுந்து போட் பக்கவாட்டுல கடிக்கும், ஆள் தூக்கி எறியப்படறது அப்படித்தான். ட்ரிம்ம கொஞ்சம் உள்ள எடுத்து, மெதுவா த்ராட்டில இறக்கணும். ஸ்டியரிங்ல கொஞ்சம் கூட ஆட்டம் இல்லாம இருக்கணும், வீல அசைக்காம ஒருத்தர் இன்ஜின பிடிச்சு ஆட்டிப் பாருங்க, லூஸா ஆடினா அத சரி பண்ற வரைக்கும் அறுபதுக்கு மேல போகாதீங்க. இன்ஜின் மேல ஏறும்போது ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கறதும் கூடும், ஏன்னா அத சமாளிக்கற குட்டி டேப் தண்ணிய விட்டு வெளிய வந்துடும். ஹைட்ராலிக் ஸ்டியரிங் இல்லாம இந்த வேலையே ஆரம்பிக்கக்கூடாது. கில் ஸ்விட்ச் கயிறு (ஓட்டறவர் விழுந்தா இன்ஜின நிறுத்தறது) உடம்புல மாட்டியே தீரணும், 2021 ஏப்ரல் 1-ல இருந்து 26 அடிக்கு கீழ இருக்கற போட்ல ப்ளேன்ல ஓடும்போது அது ஃபெடரல் சட்டம். டெஸ்ட் அன்னிக்கு லைஃப் ஜாக்கெட், கூட ஒருத்தர், அவர் நம்பர் எழுதுவார், நீங்க முன்னாடி மட்டும் பாருங்க. வீக்எண்ட்ல கான்ரோல பெரிய போட் அலை ஜாஸ்தி, ஒரு வாரநாள் விடியக்காலைல போங்க.

அப்புறம், பிளேட் இருக்குங்கற தைரியத்துல டெக்சஸ் கடலோரத்துல ராக்போர்ட், போர்ட் அரான்சஸ் பக்கம் முழங்கால் தண்ணில ஓட்டிப் பாக்கலாம்னு தோணும். டெக்சஸ்ல கடற்புல்ல ப்ராப்பால வேரோட பிடுங்கறது 2013-ல இருந்து மாநிலம் முழுக்க குத்தம். பாஸ் போட் ஹல்லு அந்த எடத்துக்கு பண்ணினதும் இல்ல. உப்புத் தண்ணிக்கு போயிட்டு வந்தா பிளேட்டோட நகர்ற பாகத்த, போல்ட் தலைய எல்லாம் நல்ல தண்ணி விட்டு கழுவுங்க, அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்போட சேந்தா ஒண்ணோட ஒண்ணு இறுகிப் போயிடும், அடுத்த தடவை ஜாக் போல்ட் திரும்பாது. போல்ட்ல டெஃப்ஜெல் மாதிரி இறுகாம தடுக்கற பசை ஏதாவது தடவி வச்சா நல்லது.

இதெல்லாம் செஞ்சு, 6 இன்ச்லயே சரியான உயரம், சரியான ப்ராப் கண்டுபிடிச்சு, அதுக்கப்புறமும் கிளம்பறது ஒரு உயரம் கேக்குது, உச்ச வேகம் வேற உயரம் கேக்குதுன்னு உங்க நோட்டே சொன்னா, அப்ப 8 இல்ல 10 இன்ச் ஹைட்ராலிக் வாங்குங்க, 12 வேணாம். அது போடும்போது ஒரு விஷயத்த மாட்டற ஆள்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க: பிளேட்டோட பயணம் அஞ்சு இன்ச் கிட்டதான் இருக்கும், இன்ஜின் பிராக்கெட்ல இருக்கற ஓட்டைங்க முக்கால் இன்ச் இடைவெளில வரும், நீங்க கண்டுபிடிச்ச ஓடற உயரம் அந்த பயணத்தோட மேல் மூணுல ஒரு பங்குல வர்ற மாதிரி ஓட்டைய தேர்ந்தெடுக்கணும், அப்பதான் கிளம்பறப்ப இறக்க எடம் இருக்கும். தப்பான ஓட்டைல மாட்டிட்டா முழுசா ஏத்தினாலும் பழைய உயரத்துக்கு கூட வராது, மறுபடி ஹாய்ஸ்ட் செலவு. பவர் போல் (ஆழம் கம்மியான தண்ணில போட்ட நிறுத்தி வைக்கற கம்பு நங்கூரம்) வச்சிருந்தா அதோட பிராக்கெட் ட்ரான்சத்துக்கும் பிளேட்டுக்கும் நடுவுல சொருகற மாதிரி வரும், அந்த தடிமனுக்கு நீளமான போல்ட் சேத்து ஆர்டர் பண்ணச் சொல்லுங்க. முதல் ரெண்டு மூணு தடவை ஓட்டினதும் எல்லா நட்டையும் டார்க் ரெஞ்ச் வச்சு ஒருதடவை பாத்துடுங்க, ஃபைபர் கொஞ்சம் அமுங்கி நட்டு தளரும்.